‘மூண்டும் நெகட்டிவ், நல்லம்தானே?’: மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டின் மூன்று வரிகள்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகும் நாட்களில்தான் அயலவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது. அப்படி ஒரு மாலை, நான்காம் மாடி மாமி படிக்கட்டில் மூச்சு வாங்க நின்று, கைப்பையிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். நான் நோயியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்வது அவருக்குத் தெரியும். “மூண்டும் நெகட்டிவ் எண்டு வந்திருக்குப் பிள்ளை. நல்லம்தானே?”

கொவிட் காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன கணக்கு அது. நெகட்டிவ் என்றால் தப்பினோம். மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு செல்லாது. அதற்காக, ‘ஐயோ, நெகட்டிவாம், இனி ஒன்றுமில்லை’ என்று இடிந்துபோவதும் பிழை. படிக்கட்டில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமா இது? வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், பிளேன்டீ போட்டுக் கொடுத்து, மெதுவாகச் சொன்னேன். அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கலம். இந்தியப் புத்தகங்களில் செல் என்பார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கலம் என்றுதான் பழக்கம். ஒரு நல்ல கலம் தன் இஷ்டத்துக்குப் பிரிவதில்லை. பிரி என்று வெளியிலிருந்து சொல் வரவேண்டும். நிறுத்து என்றால் நிறுத்தும். உன் வேலை முடிந்தது என்றால் சத்தமில்லாமல் செத்தும் போகும். இந்தச் சொல் வெளியிலிருந்து கலத்தின் கருவுக்குப் போய்ச்சேரும் பாதையைத்தான் சமிக்ஞைப் பாதை என்கிறோம்.

காலி வீதியில் ஓடும் 101 பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் மிதிபலகையில் நிற்கிறார். பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. ஆள் ஏறியதைக் காண்பவர் அவர்தான், சாரதி காண்பதில்லை. கண்டக்டர் மணியை அடிக்கிறார், சாரதி மிதிக்கிறார். கலத்தின் மென்சவ்விலும் இப்படிப் பாதி வெளியே, பாதி உள்ளேயாக நிற்கும் புரதங்கள் உண்டு. அவைதான் வாங்கிகள். ‘வளர்’ என்ற சொல்லைக் கொண்டுவரும் வளர்ச்சிக் காரணி ஒன்று வெளிப்பக்கத்தில் வந்து ஒட்டினால், உள்பக்கம் மணி அடிக்கும்.

ஒரு வித்தியாசம்: பஸ்ஸில் ஒரே மணி. கலத்துக்குள் செய்தி கை மாறி கை மாறித்தான் போகும். முதல் புரதம் இரண்டாவதன் மேல் பொஸ்பேட் என்ற சின்ன இரசாயனத் துண்டை ஒட்டுகிறது. இரண்டாவது விழித்துக்கொண்டு மூன்றாவதன் மேல் ஒட்டுகிறது. ஒட்டுகிறவற்றுக்குக் கைனேஸ் என்று பெயர். ஒட்டியதைக் கழற்றிவிட வேறு நொதியங்கள் உண்டு, இல்லாவிட்டால் செய்தி ஓயவே ஓயாது. இப்படி ஒட்டுவதும் கழற்றுவதும்தான் புரதங்களை முடுக்கவும் அடக்கவும் செய்கின்றன என்று கண்டுபிடித்ததற்காக எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மன் மொழியில் கிரெப்ஸ் என்றால் நண்டு. புற்றுநோய்க்கும் அதே சொல்தான். மனிதர் பெயரிலேயே விஷயத்தைக் கொண்டு பிறந்திருக்கிறார்!

இந்தக் கைமாற்றுப் பாதைகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ராஸ் என்ற புரதத்தில் தொடங்கி ராஃப், மெக், எர்க் என்று இறங்கும் பாதை பெரும்பாலும் ‘பிரி’ என்று சொல்லும். பிஐ3கே, ஏகேடி, எம்டோர் என்று போகும் மற்றப் பாதை ‘வளர், சாகாதே’ என்று சொல்லும். இரண்டாவதற்கு பிடென் என்றொரு பிரேக் இருக்கிறது. புற்றுநோயில் நடப்பது, ஆள் ஏறாமலேயே மணி அடித்துக்கொண்டிருப்பது. சில கட்டிகளில் கண்டக்டர்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிடுகிறார்கள். சிலவற்றில் மணிக் கம்பி பழுதாகி ஓயாமல் அலறுகிறது. சிலவற்றில் பிரேக் இல்லை. ரிப்போர்ட்டில் இருக்கும் மூன்று வரிகளும் கேட்பது இதைத்தான்: இந்தக் கட்டி எந்த மணியைக் கேட்டு ஓடுகிறது?

முதல் இரண்டு வரிகளும் ஓமோன் வாங்கிகள்: ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் வாங்கி, பீஆர் என்பது புரொஜெஸ்தரோன் வாங்கி. ஈஸ்ட்ரோஜன் கொழுப்பில் கரையக்கூடியது, மென்சவ்வை ஊடுருவி நேரே உள்ளே போகும். அதனால் அதன் வாங்கி மிதிபலகையில் நிற்பதில்லை, பெரும்பாலும் கருவுக்குள்ளேயே இருக்கிறது. வாங்கி இன்னதென்று தெரிவதற்கு முன்பே, 1895இல், ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜோர்ஜ் பீட்சன் முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்ணொருவரின் சூலகங்களை அகற்றினார். கட்டி சுருங்கியது. ஏன் என்று சொல்ல அப்போது ஆளில்லை. இன்று நாம் சொல்வோம், மணி அடிக்க ஆளில்லாமல் போனது என்று. தமொக்சிஃபென் அதே வேலையைக் கத்தியில்லாமல் செய்கிறது: மார்பகக் கலத்தில் ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். பீஆர் ஏன் என்றால், ஈஆர் ஒழுங்காக வேலை செய்யும் கலத்தில்தான் பீஆர் உண்டாகும். அது இருந்தால் ஈஆரின் கம்பி அறுபடவில்லை என்று அர்த்தம். ஆகவே இங்கே பொசிட்டிவ் என்பது நல்ல செய்தி. ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

மூன்றாவது வரி ஹெர்-2, மிதிபலகையில் நிற்கும் வாங்கிகளில் ஒன்று. அது என் கைக்கு வந்துபோகும் வரி, கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்தோ கிளினிக்கிலிருந்தோ வரும் இழையத் துண்டு, பழுதாகாமல் காக்கும் போமலின் திரவத்தில் ஊறி, மெழுகுக்குள் உறைந்து, சின்ன மெழுகுக் கட்டியாக என் மேசைக்கு வரும். அதை 4 மைக்ரோன் தடிப்பில் சீவுவோம். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் நாலு. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரிபன் போல வரும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தட்டால் அள்ள வேண்டும். மூச்சை இழுத்து விட்டால் சுருண்டுவிடும். மின்விசிறிக்குக் கீழே இந்த வேலை நடக்காது. கொழும்பு வெக்கையில் அதைச் சகித்துத்தான் ஆகவேண்டும். பிறகு ஹெர்-2 புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை ஊற்றி, அது பிடித்த இடங்களில் கபில நிறம் வருமாறு செய்வோம். மற்றதெல்லாம் வெளிர்நீலம்.

நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், ஹெர்-2 நிறைந்த கட்டியில் ஒவ்வொரு கலத்தின் ஓரத்தையும் சுற்றிக் கடும் கபிலக் கோடு ஓடும். கோழிக்கூட்டுக் கம்பிவலை போலவே இருக்கும். நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட கலங்களில் அந்தக் கோடு அழுத்தமாக, முழுவட்டமாக இருந்தால் நோயியல் நிபுணர் 3+ என்று போடுவார், அது பொசிட்டிவ். 0, 1+ இரண்டும் நெகட்டிவ். 2+ இரண்டுங்கெட்டான், அதற்கு ஃபிஷ் என்று இன்னொரு பரிசோதனை செய்து, ஹெர்-2 மரபணுவின் பிரதிகளை நேரடியாக எண்ணிப் பார்க்க வேண்டும். சாதாரணக் கலத்தில் இரண்டு பிரதிகள். சில கட்டிகளில் இருபதைத் தாண்டும். பிரதி கூடக் கூட மென்சவ்வில் வாங்கிகளும் கூடி, இலட்சக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கும்.

நெருக்கம்தான் இங்கே ஆபத்து. ஹெர் குடும்பத்தில் நாலு பேர். மற்ற மூவரும் வெளியிலிருந்து யாராவது வந்து தொட்டால்தான் கையை நீட்டுவார்கள். ஹெர்-2 எப்போதும் நீட்டியபடியே நிற்கிறது. அதைத் தொடுவதற்கென்று ஒரு வளர்ச்சிக் காரணி இதுவரை அகப்படவில்லை. பக்கத்தில் யார் நின்றாலும் சோடி சேர்ந்து மணியை அடித்துவிடும். அதிலும் ஹெர்-3 உடன் சேர்ந்தால் ‘வளர், சாகாதே’ பாதை முழு வேகத்தில் ஓடும். 

1987இல் அமெரிக்காவில் டெனிஸ் ஸ்லேமனும் கூட்டாளிகளும் 189 கட்டிகளைச் சோதித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏறக்குறைய 30 சதவீதமான கட்டிகளில் ஹெர்-2 மரபணு பெருகியிருந்தது, அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. இப்போதைய கணக்கில் 15 முதல் 20 சதவீதம் என்பார்கள். ஆக, ஹெர்-2 பொசிட்டிவ் என்றால் மோசம் என்று ஆனது. ஆனால் மென்சவ்வில் இத்தனை இலட்சம் வாங்கிகள் நீட்டிக்கொண்டு நின்றால், அவற்றைப் பிடிப்பதும் சுகம்தானே! அதற்கென்று செய்யப்பட்ட எதிர்ப்புரதமான டிராஸ்டுசுமாப், ஹெர்செப்டின் என்ற பெயரில் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005இல் வெளிவந்த ஆய்வுகளில், ஆரம்ப நிலையிலேயே கீமோவோடு அதையும் கொடுத்தபோது நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஹெர்-2வும் ஹெர்-3யும் சோடி சேராமல் இடையில் புகும் பெர்டுசுமாப் 2012இல் வந்தது. முப்பது வருடம் முன்பு தலையில் கைவைக்கச் செய்த அதே 3+, இன்று வைத்தியருக்கு நாலைந்து மருந்துகளின் கதவைத் திறந்துவிடுகிறது.

மார்புக்கு ஹெர்செப்டின் ஏற்றப் போனவரை ஏன் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள் என்று பலருக்குக் குழப்பம். காசு பிடுங்குகிறார்கள் என்று சண்டை போட்டவர்களையும் கண்டிருக்கிறேன். இதயத் தசைக் கலங்களும் களைப்பைத் தாங்கி உயிரோடிருக்க ஹெர்-2 பாதையைத்தான் நம்பியிருக்கின்றன. கட்டியில் மணியை நிறுத்தப் போன மருந்து இதயத்திலும் கொஞ்சம் நிறுத்திவிடலாம். அதனால்தான் மருந்து ஏறும் காலத்தில் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. இதயம் சோர்வதைச் சீக்கிரம் கண்டால், மருந்தை இடைநிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரி, மாமியின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். மூன்றும் நெகட்டிவ்.

மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 சதவீதம் இந்த வகை. இதற்கு வைத்திருக்கும் பெயரே எனக்குப் பிடிப்பதில்லை. ‘இன்னது அல்ல, இன்னது அல்ல, இன்னதும் அல்ல’ என்பது ஒரு பெயரா? பேரூந்து நிலையத்தில் ‘கண்டிக்குப் போகாதவர்கள், காலிக்குப் போகாதவர்கள், யாழ்ப்பாணம் போகாதவர்கள்’ என்று ஒரு வரிசை போட்டால் அதில் யார்தான் நிற்கமாட்டார்கள்! உள்ளே பார்த்தால் பல வேறு நோய்கள். பெரும்பாலானவற்றில் பி53 என்ற காவற்காரப் புரதம் கெட்டிருக்கும். சிலவற்றில் பிடென் பிரேக் போயிருக்கும். பொதுவாக வேகமாகப் பிரியும், கலங்களின் தோற்றத்தை வைத்துப் போடும் தரத்தில் மிக மோசமான 3 ஆக இருக்கும். ஓமோன் மாத்திரையும் ஹெர்செப்டினும் வேலை செய்யா. ‘மூர்க்கமான வகை’ என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் வேகமாகப் பிரியும் கலத்தைத்தான் கீமோ நன்றாகத் தாக்கும். அதனால் கட்டி குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருந்தால், அல்லது அக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தால், முதலில் கீமோ, பிறகு சத்திரசிகிச்சை என்று திட்டமிடுவார்கள். “வெட்டி எறியாமல் உள்ளே வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு” என்று மாமியின் தம்பிக்கு ஒரே கோபம். விளையாட்டில்லை. கட்டி உள்ளே இருக்கும்போதுதான் மருந்து அதைக் கரைக்கிறதா என்று பார்க்கலாம். பிறகு வெட்டியெடுத்த இழையத்தை நாங்கள் சீவிப் பார்க்கும்போது ஊடுருவிய புற்றுக்கலம் ஒன்றுகூட இல்லையென்றால், அதைவிட நல்ல அடையாளம் இந்த வகையில் வேறில்லை. மீதி இருந்தாலும், அதைப் பார்த்து அடுத்த மருந்தை மாற்றலாம். அந்தச் செய்தி முதலிலேயே வெட்டியிருந்தால் கிடைத்திருக்காது. பெம்ப்ரொலிசுமாப் என்ற மருந்தைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வில், இப்படி முழுவதும் கரைந்தவர்கள் 51 சதவீதத்திலிருந்து 65 சதவீதமாகக் கூடினார்கள். அந்த மருந்து கட்டியின் மணியைத் தொடுவதே இல்லை. எங்கள் நோயெதிர்ப்புக் கலங்களின் மேல் கட்டி அழுத்தி வைத்திருக்கும் பிரேக்கை எடுத்துவிடுகிறது. விலைதான் மலைக்க வைக்கும். எங்கே, எப்படிக் கிடைக்கும் என்பதை உங்கள் வைத்திய நிபுணரிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

இன்னொரு பிடி, பரம்பரை. பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிறவிப் பழுதுள்ளவர்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் மூன்றும் நெகட்டிவ் வகைதான். அந்த மரபணு டிஎன்ஏயில் வரும் உடைவைத் திருத்தும் வேலையில் இருப்பது. எங்கள் மாடியையே வைத்துச் சொல்கிறேன்: மேலே போக லிஃப்ட் உண்டு, படிக்கட்டும் உண்டு. ஒன்று பழுதென்றால் மற்றதில் சமாளிக்கலாம். பிஆர்சிஏ கெட்ட கட்டிக்குப் படிக்கட்டு இடிந்துவிட்டது, லிஃப்டை மட்டும் நம்பியிருக்கிறது. பார்ப் என்ற நொதியம்தான் அந்த லிஃப்ட். ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் அதை நிறுத்திவிடும். நல்ல கலத்துக்குப் படிக்கட்டு இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும், கட்டியால் முடியாது. ஆகவே மூன்றும் நெகட்டிவ் என்று வந்தவர், அதிலும் வயது குறைந்தவர், பரம்பரைப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். மகள், தங்கைக்கும் அது பயன்படும்.

இப்போது எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: எவ்வளவு காலம்? வைத்தியரிடம் சாதகக் குறிப்பை நீட்டுகிற மாதிரி ரிப்போர்ட்டை நீட்டுகிறோம். முன்கணிப்பு என்பது சாதகம் இல்லை. இதே வகைக் கட்டி, இதே அளவு, இதே பரவலோடு இருந்த நூறு பேருக்கு என்ன நடந்தது என்ற கணக்கு. அந்த நூறில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று எந்த நுணுக்குக்காட்டிக்கும் தெரியாது. பழைய நூறு பேர் பழைய மருந்து எடுத்தவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அந்தக் கணக்கின் வடிவமும் வகைக்கு வகை வேறு. மூன்றும் நெகட்டிவ் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் திரும்பும். ஐந்து வருடம் தாண்டினால் ஆபத்து நன்றாகக் குறைந்துவிடும். ஈஆர் பொசிட்டிவ் அப்படியில்லை, பத்து, பதினைந்து வருடம் கழித்தும் மெல்ல எட்டிப்பார்க்கும். அதனால்தான் ஓமோன் மாத்திரையை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் நீட்டுகிறார்கள். ‘மென்மையான’ வகை என்று நினைத்து இடையில் மாத்திரையை விட்டவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

ரிப்போர்ட்டில் கேஐ-67 என்று ஒரு சதவீதமும் இருக்கும். எத்தனை கலம் பிரியும் நிலையில் இருக்கிறது என்ற எண்ணிக்கை. அதைப் பார்த்து நித்திரை கெடாதீர்கள். 5க்குக் கீழே, 30க்கு மேலே என்றால் அதற்கு அர்த்தம் உண்டு. நடுவில் ஒரே தட்டை இரண்டு பேர் எண்ணினால் இரண்டு விடை வரும். நானே காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றுமாக எண்ணியிருக்கிறேன்.

இத்தனை பாதைகளைப் பற்றிப் பேசினாலும், கட்டி எவ்வளவு பெரிது, எங்கே வரை போயிருக்கிறது என்ற பழைய கேள்விகளின் பலம் குறையவில்லை. கட்டியே இல்லாமல் வரும் மூர்க்க வகை ஒன்றும் உண்டு, அழற்சி மார்பகப் புற்றுநோய். மார்பு சிவந்து, கனத்து, தோல் தோடம்பழத் தோல் போலப் புள்ளி விழுந்திருக்கும். கிருமித் தொற்று என்று மருந்து கொடுத்து ஒரு வாரம், இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. பயொப்சி கேட்க வேண்டும். கொழும்பில் மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு 138 பஸ்ஸில் ஏறினால் போகலாம். நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் தேசிய நிலையமும் இருக்கிறது.

கடைசியாக என் தொழில் சார்ந்த ஒரு குறை. பரிசோதனையின் தரம், துண்டை வெட்டிய நிமிடத்திலிருந்தே தொடங்குகிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் அது போமலினுக்குள் போகவேண்டும். ஒருமுறை ஓரிடத்திலிருந்து துண்டு வெறும் உப்புநீரில் மிதந்தபடி வந்து சேர்ந்தது. அப்படி வந்தால் ஈஆர் இருந்தும் இல்லையென்று காட்டக்கூடும். ஒரு பெண்ணுக்குப் பத்து வருட மாத்திரை கிடைக்காமலே போகலாம். முடிவு மற்ற அடையாளங்களோடு ஒத்துப்போகவில்லை என்று வைத்தியருக்குத் தோன்றினால், திரும்பச் செய்யச் சொல்வார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

மாமியின் ரிப்போர்ட்டில் ஹெர்-2 நெகட்டிவ் என்பதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 1+ என்றிருந்தது. சில வருடம் முன்பு 0க்கும் 1+க்கும் யாரும் வித்தியாசம் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறார்கள். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எதிர்ப்புரதத்தின் முதுகில் கீமோவைக் கட்டி அனுப்பும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகன் என்ற மருந்து, வேறு உறுப்புகளுக்குப் பரவிய நோயில் 1+ போன்ற குறைந்த அளவு ஹெர்-2 உள்ளவர்களுக்கும் ஆயுளைக் கூட்டியது. அந்த மருந்துக்கு மணியை நிறுத்த வேண்டிய தேவையில்லை, பொதியை இறக்க ஒரு வாசல் போதும். மாமிக்கு நோய் பரவவில்லை, இப்போது அது தேவையுமில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டின் தலைப்பில் இருந்த மெழுகுக் கட்டியின் இலக்கத்தைக் காட்டி, இதைக் குறித்து வையுங்கோ, அந்த மெழுகுக் கட்டியை ஆய்வுகூடத்தில் வருடக்கணக்காக வைத்திருப்பார்கள், பிறகு வேண்டுமென்றால் அதிலிருந்தே திரும்பச் சீவிப் பார்க்கலாம் என்றேன். காஸ் சிலிண்டர் மாற்றிய திகதிகளை எழுதும் கொப்பியில், கடைசி சிலிண்டருக்குக் கீழே, மாமி அந்த இலக்கத்தை எழுதிக்கொண்டார்.